பெட்டிக்குள் ஒரு காது

மேற்பிரிவு மாரியம்மன் கோயிலுக்குப் பாட்டுப்பெட்டி வாங்கி வந்தவள் தனலெட்சுமி. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு ஆயா வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். பாதித் தோட்டம் அவள் மடியில் மூத்திரம் பெய்து வளர்ந்தது. அப்படிப்பட்டவளுக்கு இதற்கு மேல் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது? ஆனாலும் பதுளை பஸ்ஸை விட்டு இறங்கும்போது, உள்ளங்கை அளவே இருந்த அந்தப் பெட்டியை ஆரத்தித் தட்டுப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுதான் இறங்கினாள்.

பெட்டி வாங்கியதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் வரை கோயில் ஒலிபெருக்கியில் யாராவது ஒருவருடைய ஃபோனைச் செருகித்தான் பாட்டுப் போட்டார்கள். பூசை நடுவே அந்த ஃபோனுக்கு ஓர் அழைப்பு வந்தது. நிறைபோதையில் ஒருவன் தன் மச்சானைத் திட்டிய திட்டு, குழாய் வழியாக மலை முழுக்க ஒலித்தது. கோயில் தலைவர் தம்பையா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டவர்தான்.

“வெளிய இருந்து ஒரு சத்தமும் உள்ள வரக் கூடாது. பாட மட்டும் தெரிஞ்ச பெட்டியா பாத்து வாங்கிட்டு வா புள்ள” என்று தனலெட்சுமியிடம் சொல்லி அனுப்பினார்.

பதுளையில் புவாத் நானாவின் கடையில் அப்படி ஒன்று கிடைத்தது. சின்னத் திரை, நாலு பொத்தான், மெமரி கார்ட் போட ஓர் இடுக்கு. “புளூடூத் இல்ல, நெட் இல்ல, ஒண்டும் இல்ல. அட்டையில பாருங்க தங்கச்சி” என்றார் புவாத். அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அட்டையை நம்பாமல் வேறு எதை நம்புவது?

பெட்டியின் குட்டு உடைந்தது பிள்ளைக் காம்பராவில். குழந்தைகளுக்குப் பாட்டுப் போட யாரோ புண்ணியவான்கள் ஒரு புது ஸ்பீக்கர் கொடுத்திருந்தார்கள். அதைத் தன் ஃபோனோடு சேர்க்கலாம் என்று தனலெட்சுமி தேடியபோது, எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் திரையில் வந்தது. அதுதான் போல என்று தொட்டாள். பக்கத்துக் கோயிலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பட்டென்று நின்றது. விட்டுவிட்டாள், பாட்டு மறுபடி வந்தது. திரும்பவும் தொட்டாள், திரும்பவும் நின்றது.

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது புவாத்திடம் கேட்டாள். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அதே சாதிப் பெட்டி ஒன்றின் முதுகைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். சுண்டுவிரல் நகமளவு ஒரு தகரத் துண்டைக் காட்டினார்.

“ஃபெக்டரிக்காரன் எல்லாத்துக்கும் ஒரே போர்ட்தான் அடிக்கிறான் தங்கச்சி. வெல கூடினதுல புளூடூத்துக்குப் பொத்தான் வச்சி வெளிய காட்டுவான். கொறஞ்சதுல பொத்தானும் இல்ல, அட்டையிலயும் போட மாட்டான். ஆனா சாமான் உள்ளுக்கு ஈக்கிது. வாய் மட்டும்தான்டு நான் வித்தேன், காதும் ஈக்கிது. வேற மாத்தித் தரட்டா?”

அங்கேயே “சரி நானா” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாற்றினால் தம்பையாவிடம் காரணம் சொல்ல வேண்டும்; பார்த்து வாங்கத் தெரியாதவள் என்று பெயர் வரும். “வேணாம் நானா, இருக்கட்டும்” என்றாள்.

“அப்ப பயப்பட வேணாம். ஒங்கட ஃபோனோட சேந்து ஈக்கிற நேரம் வேற ஃபோனுக்கு இது தெரியாது” என்றார் புவாத்.

மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். விடியற்காலைப் பாட்டுப் போடும் முறை தனலெட்சுமிக்கு வந்தது. பெட்டி அவள் கொண்டுவந்தது அல்லவா? இருட்டோடு எழுந்து, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு ஏறிப்போய்க் கோயிலின் பக்கத்து அறையைத் திறந்து, கும்பிட்டுவிட்டுப் பாட்டைப் போட வேண்டும். அந்தப் பாட்டில்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அடுப்புப் புகையும், ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புவார்கள். மடுல்சீமைப் பக்கத்து மாசிக் குளிர் தெரிந்தவர்களுக்கு அந்தப் பீலித் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எலும்புக்குள் போய்த்தான் நிற்கும்.

காப்புக் கட்டிய மறுநாளே அவளுக்குத் தூரமாகிவிட்டது. கோயில் படி மிதிக்கக் கூடாத நாட்கள். “எனக்கு ஆகாது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த ஒரு வார்த்தைதான் அவள் வாயில் வரவில்லை. முந்தின நாள் மாலை பெட்டியை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. அவள் இருந்தது கோயிலுக்கு நேர் கீழே, மேல் லயத்தின் கடைசிக் காம்பரா. பாயில் படுத்தபடியே ஃபோனைத் தட்டினாள். மேலே குழாயில் அம்மன் பாட்டுத் தொடங்கியது.

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ‘தாயே, நீ பொம்பளதான, ஒனக்குத் தெரியாதா’ என்று மனசுக்குள் சமாதானம் சொன்னாள். அது வரைக்கும்கூட ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நாட்கள் முடிந்து தலைக்குக் குளித்த பிறகும் அவள் விடியலில் படியேறவில்லை. போர்வை கதகதப்பாக இருந்தது, ஃபோன் தலைமாட்டில் இருந்தது, வெலிமடைக்கு உருளைக்கிழங்குத் தோட்ட வேலைக்குப் போயிருந்த புருஷன் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கவும் இல்லை. சாயங்காலம் போய்ப் பெட்டியை அணைக்காமல் விட்டு வருவாள், விடிந்ததும் பாயில் கிடந்து பாட்டுப் போடுவாள். ஈரத்தலை இல்லாததை மறைக்க முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வருவாள். “பாவம் தனம், இந்தக் குளிருல” என்று பீலியடியில் பெண்கள் உச்சுக்கொட்டும்போது அவளுக்கு முகம் எரியும். மறுநாளும் போர்வையைவிட்டு எழ மாட்டாள்.

கீழ் லயத்துக் கலாராணி அவளுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி மாதிரி. மூன்று பெண் பிள்ளைகளின் தாய். கடைசிக் குழந்தை பிறந்தபோது பெரியாஸ்பத்திரியில் இரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய காரியம். அஞ்சு வருடத்துக்கு இன்னொரு பிள்ளையை நினைக்கவே கூடாது, நினைத்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னார். புருஷன் ரஜீவ் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. அவன் காதில் அது பாதிதான் ஏறியது. மாமியார் இராக்கம்மா காதில் அந்தப் பாதியும் ஏறவில்லை. பேரன் ஒருவன் வேண்டும் என்று மூன்று வருடமாக அம்மனிடம் மடியேந்தி நின்றாள். கலாராணி யாருக்கும் தெரியாமல் பதுளை கிளினிக்குக்குப் போய், பிள்ளை தங்காமல் இருக்கக் கையில் தோலுக்கடியில் குச்சி வைத்துக்கொண்டாள். கூடப் போனவள் தனலெட்சுமி. அந்த இரகசியம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை, பால்குடத்து நாள் விடியல். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனலெட்சுமி அரைத்தூக்கத்தில் கிடந்தாள். ஃபோன் சிணுங்கியது, கலாராணி பேசி அனுப்பிய குரல். எழுத்துக் கூட்டி எழுத அவளுக்குப் பொறுமை கிடையாது, எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். கண்ணைத் திறக்காமலே தனலெட்சுமி அதைத் தொட்டாள்.

ஃபோனில் சத்தம் வரவில்லை. மேலே பாட்டு நின்றது. பிறகு கோயில் குழாய் இரண்டும் பேசின.

“…இன்னிக்கி அத்தை பால்குடம் தூக்குது. எனக்குப் பயமா இருக்கு. கையில குச்சி வச்சத யாருக்கும் சொல்லிறாத. அஞ்சு வருசத்துக்குப் புள்ள வராதுன்னு கிளினிக்கு மிஸ்ஸி சொல்லிச்சில்ல, இது தெரியாம அந்த மனுசி பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கு. பாத்தா பாவமா இருக்கு. சொன்னா அவரு என்னைய வீட்டுல வைக்க மாட்டாரு…”

முதலில் அவளுக்குக் கனவு போல இருந்தது. அப்புறம் பதறி எழுந்ததில் ஃபோன் போர்வைக்குள் நழுவியது. துழாவி எடுத்து, எதை எதையோ அமுக்கி, அணைக்கும்போது கலாராணி பேசி முடித்துவிட்டாள். மலையில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

பெட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டுப் புதுச் சத்தத்துக்கு மாறும்போது முதல் நொடியை விழுங்கிவிடும். அன்றைக்கு அது விழுங்கியது “தனம்க்கா” என்ற ஒரு வார்த்தையை. தனலெட்சுமியின் பெயரைத் தவிர மற்றதெல்லாம் தோட்டத்துக்குக் கேட்டது.

லயம் லயமாக ஆட்கள் கோயிலுக்கு ஓடினார்கள். தனலெட்சுமியும் முக்காட்டோடு ஓடினாள். பக்கத்து அறை பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஆள் இல்லை, ஃபோன் இல்லை. பெட்டியின் திரை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் எரிந்துகொண்டிருந்தது. தம்பையா அவள் பக்கம் திரும்பினார்.

“நீதான புள்ள பாட்டு போட்ட? அப்ப யாரு இருந்தா இங்க?”

உண்மையைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த முதல் இடம் அது. ‘நான் வரவேயில்ல, பாயில கெடந்தேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் எத்தனை நாளாக என்று கேட்பார்கள். தூரமான நாட்களும் அதில் வரும்.

“போட்டுட்டுப் பூட்டிட்டு எறங்கிட்டேங்க. யாரும் இல்ல.”

பூட்டிய அறை. பாட மட்டும் தெரிந்த பெட்டி. தம்பையாவின் கை தானாகக் கும்பிடப் போனது. “ஆத்தாதான் புடிச்சுக் குடுத்துட்டா” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை தீப்பிடித்த மாதிரி பரவியது. குலவை போட்டார்கள். மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு நின்ற இராக்கம்மா மட்டும் குலவை போடவில்லை. குடத்தை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திருவிழாவுக்கு வந்திருந்த ரஜீவ் மட்டும் லேசில் நம்பவில்லை. கொழும்பைப் பார்த்தவன். “எவனோ ஃபோன்ல வெளையாடுறான்” என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, தன் ஃபோனில் புளூடூத்தைத் தேடினான். தேடினான், தேடினான், ஒன்றும் வரவில்லை. வரவும் செய்யாது. அவனுக்கு மூன்று முழம் தள்ளி நின்ற தனலெட்சுமியின் இடுப்பில் செருகியிருந்த ஃபோனோடு அந்தப் பெட்டி இன்னும் சேர்ந்தே இருந்தது. அவள் அணைத்தது குரலை மட்டும்தான். புவாத் சொன்னது நினைவுக்கு வந்தபோது இடுப்பில் கையை வைத்தாள். எடுத்து நீட்டியிருக்கலாம். சேலையை இழுத்து இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

ரஜீவ் ஃபோனைப் பைக்குள் போட்டான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. கலாராணியை அவன் அடிக்கவில்லை, வையவும் இல்லை. “திங்கக்கெழம அம்மாவோட போயி அதை எடுத்துட்டு வா. ஆத்தாளே சொன்னதுக்கு அப்புறம் எனக்குப் பேச ஒண்ணுமில்ல” என்றான். அதைவிட அடித்திருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் கலாராணிக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. அன்று மத்தியானம் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் ஒனக்குத்தான அனுப்புனேன். நீ கேட்டியா அதை?”

“ஃபோன்ல சார்ஜே இல்ல கலா. கேக்கவே இல்ல” என்றாள் தனலெட்சுமி.

ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கலாராணி அதை அப்படியே நம்பினாள். அக்கா பொய் சொல்வாளா?

“அப்ப ஆத்தாதான். பீலிக்கிட்ட நின்னுதான் பேசுனேன். என் வாயில இருந்தே எடுத்துருக்கா. நான் செஞ்சது அவளுக்குப் பொறுக்கல.” மூன்று பிள்ளைகளுக்கும் அம்மை போட்டுவிடுமோ என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தனலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தடவிய கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

சனியும் ஞாயிறும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேசும் அம்மனைப் பார்க்கக் கீழ்ப்பிரிவிலிருந்தும் பசறையிலிருந்தும் சனம் வந்தது. பெட்டிக்கு மாலை போட்டார்கள். கலாராணி ஈரச்சேலையோடு கோயில் வாசலில் விழுந்து கிடந்து மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். குச்சியை எடுத்துவிடுவாள், வருடத்துக்குள் வயிற்றில் தங்கிவிடும், பிறகு அந்தப் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் மறுபடி இரத்தம் நிற்காமல் போகும். அதற்கு மேல் தனலெட்சுமியால் நினைக்க முடியவில்லை. கலாராணி செத்துப்போனால் கொன்றது யார்? அம்மனா?

ஞாயிறு சாயங்காலம் ரஜீவ் கொழும்புக்குக் கிளம்பினான். திங்கள் காலை இராக்கம்மாவும் கலாராணியும் பஸ்ஸில் ஏறியபோது, பின்னாலேயே தனலெட்சுமியும் ஏறினாள். மடியில் ஒரு துணிப்பை. உள்ளே மாலையைக் கழற்றிவிட்டு எடுத்துவந்த கோயில் பெட்டி. சாவி அவளிடம்தானே இருந்தது.

“எங்க அக்கா போற?” என்று கேட்டாள் கலாராணி.

“பதுளையில ஒரு வேல.”

பசறை போகும் வரைக்கும், பசறை தாண்டியும், அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ‘இந்த வளைவு முடியட்டும்’ என்று நினைத்துக்கொண்டாள். வளைவுகள் தீர்ந்து பதுளையே வந்துவிட்டது. பஸ் நிலையத்தில் இறங்கி இராக்கம்மா கிளினிக் பக்கம் திரும்பியபோதுதான் கலாராணியின் கையைப் பிடித்தாள்.

“பெரியம்மா, நீங்களும் வாங்க. ஒரு கடைக்குப் போயிட்டுப் போவோம். இத மட்டும் மறுக்காதீங்க.”

புவாத் நாற்காலி எடுத்துப் போட்டார். தனலெட்சுமி பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்ததும், இராக்கம்மா பதறி எழுந்து கும்பிட்டாள். “கும்பிடாதீங்க பெரியம்மா” என்று அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பெட்டியைக் கடை ஸ்பீக்கரில் செருகச் சொன்னாள். பெட்டி பாடியது. தெருவில் இறங்கி, கார் சத்தத்துக்கு நடுவே ஃபோனில் ஏதோ பேசிப் பதிந்துகொண்டு திரும்பி வந்தாள். எல்லோரும் பார்க்க அதைத் தொட்டாள். பாட்டு நின்றது.

“…பேசுறேன். இது ஆத்தா இல்ல. அன்னிக்கிப் பேசுனதும் ஆத்தா இல்ல.”

“தனம் பேசுறேன்னுதான் சொன்னேன்” என்றாள் தனலெட்சுமி. “முதல் வார்த்தைய இது முழுங்கிரும். அன்னிக்கும் என் பேரத்தான் முழுங்கிருச்சு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். போர்வையைச் சொன்னாள், தூரமான நாட்களைச் சொன்னாள், பூட்டிய அறைப் பொய்யையும் சார்ஜ் இல்லாத பொய்யையும் சொன்னாள். புவாத் பெட்டியின் முதுகைத் திறந்து அந்த நகமளவு தகரத்தைக் காட்டினார். “என்னிலயும் பிழ ஈக்கிது உம்மா, இல்லண்டு சொல்லித்தான் வித்தேன்” என்று சொல்லிவிட்டு, தான் நிற்க வேண்டிய இடம் இது இல்லை என்பது போல உள்ளே போய்விட்டார்.

இராக்கம்மா அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆத்தா பேசவே இல்லையா?”

“இல்லங்க பெரியம்மா.”

“எம்மேல அவளுக்குக் கோவமும் இல்லையா?”

இராக்கம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “மூணு வருசம் அழுதேன். ஒரு நாளு அவ வாயத் தொறந்தான்னு நெனச்சேன். கெட்ட சேதின்னாலும் நம்ம பக்கம் திரும்பிப் பாத்தாளேன்னு ஒரு நிம்மதி இருந்திச்சு. அதையும் எடுத்துட்டியே.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். தனலெட்சுமி அவள் காலில் விழக் குனிந்தாள். இராக்கம்மா காலை நாற்காலிக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கலாராணி மேசையில் கிடந்த பெட்டியை ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.

“எம் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு தூங்காமக் கெடந்தேன். ஈரத்துணியோட மண்ணுல விழுந்து கெடந்தேன். நீ பக்கத்துல ஒக்காந்து என் தலையத் தடவுன. எப்படிக்கா ஒன்னால முடிஞ்சிச்சு?”

“பயந்துட்டேன் கலா.”

“நானும்தான் பயந்தேன்” என்றாள் அவள். பிறகு மாமியாரிடம் திரும்பினாள். “அத்தை, ஆத்தா சொன்னான்னுதான் எடுக்க வந்தேன். அவ சொல்லலன்னா நான் எடுக்க மாட்டேன். இன்னொரு புள்ளன்னா நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னது ஒங்க காதுல ஏறல. இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க.”

இராக்கம்மா வெகுநேரம் மருமகளின் கையைப் பார்த்தாள், குச்சி இருக்கும் இடத்தை. பிறகு எழுந்து, கிளினிக் பக்கம் போகாமல் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். கலாராணி அவள் பின்னால் போனாள். பஸ்ஸில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தனலெட்சுமி பின்னால் இடம் இருந்தும் தோட்டம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

சாயங்காலம் சாவியையும் பெட்டியையும் தம்பையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவரிடமும் சொன்னாள். கிழவர் கோபத்தில் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சொன்னது எங்கூட இருக்கட்டும். பசறையில இருந்தெல்லாம் சனம் வருது. நம்ம கோயிலுக்கு இப்பிடி ஒரு பேரு எப்பவாச்சும் வந்திருக்கா? ஆத்தா பேசுனதாவே இருக்கட்டும் புள்ள. ஒனக்கும் நல்லது.”

நல்ல யோசனைதான். மூன்று நாளைக்கு முன்னால் என்றால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். ஆனால் அம்மன் பேசியதாகவே இருக்கும் வரை, அம்மன் காட்டிக்கொடுத்தவளாகவே கலாராணியும் இருப்பாள். பீலியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைக்க ஆள் இருக்காது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்து, பெண்கள் கூடையைத் தலையில் மாட்டும் நேரத்தில் தனலெட்சுமி நடுவில் போய் நின்றாள். ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல், தன் தொண்டையால், ஒன்று விடாமல் சொன்னாள். தூரமான நாட்களைச் சொல்லும்போது கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். சிலர் காறித் துப்பினார்கள். சிலர் சிரித்தார்கள். “ஒன் கையிலயா எம் புள்ளையக் குடுத்தேன்” என்றாள் ஒருத்தி. பெரியாயி என்ற வயதான பெண் மட்டும் விடுவதாக இல்லை. “அவ கைய அமுக்க வச்சது யாரு? ஆத்தாதான்” என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் துடைத்துப் போய்விடும் என்று நினைத்திருந்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது, சிலதைத் துடைக்கவே முடியாது என்று.

பிள்ளைக் காம்பராவைத் திறந்து தொட்டில்களை விரித்துப் போட்டாள். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தாள். வந்தார்கள்; கைப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க முடியுமா? பிள்ளையைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார்கள். கடைசியாகக் கலாராணி வந்தாள், சின்னவள் இடுப்பில்.

எல்லா நாளும் அவள் அந்தப் படியில் நின்று ஒரு பாட்டம் பேசாமல் போக மாட்டாள். நேற்று யார் வீட்டில் சண்டை, ரஜீவ் என்ன சொன்னான், மாமியார் எதற்கு மூஞ்சியைத் தூக்கினாள், எல்லாம் சொல்வாள். கங்காணி மேலிருந்து சத்தம் போட்டால்தான் ஓடுவாள். தனலெட்சுமி இரண்டு கையையும் நீட்டினாள். கலாராணி பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவள் பார்வை ஜன்னல் கட்டையில் கிடந்த ஃபோனில் இருந்தது.

“அதை ஆஃப் பண்ணுக்கா.”

தனலெட்சுமி எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுப்பாகும் வரை இருவரும் அதையே பார்த்தார்கள். கறுப்பானதை அவளுக்குத் திருப்பிக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் கலாராணி வாயைத் திறந்தாள். “ராத்திரி காய்ச்சல். மருந்து பையில இருக்கு. சாப்புட்டதுக்கு அப்புறம் குடு.”

பிள்ளையை நீட்டினாள். கையோடு கை படாமல் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள். உடம்பு சுட்ட குழந்தை தனலெட்சுமியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பழகிய மடிதானே என்று, உடனே தூங்கிவிட்டது.